தண்ணீர் தீர்ந்தால் வெடிக்காது, திரும்பி வந்தால் வெடிக்கும்: ரெயில்கிராஃப்ட் பாய்லர் விமர்சனம்

மூன்று பாய்லரை வெடிக்கவிட்டவன் எழுதுகிற விமர்சனம் இது, அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். மூன்றிலும் தப்பு என் பக்கம்தான். ஒன்றில் மட்டும் நண்பனுக்குப் பாதிப் பங்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

மைன்கிராஃப்ட் என்கிற கணினி விளையாட்டை வெறுமனே விளையாடிச் சலித்தவர்கள் மாட் பக்கம் வருவார்கள். மாட் என்றால் புல் தின்கிற மாடு இல்லை, விளையாட்டின் மேல் நாமாக ஏற்றிக்கொள்கிற கூடுதல் சரக்கு. அதில் ரெயில்கிராஃப்ட் பழைய ஆள். பெயரைப் பார்த்துத் தண்டவாளமும் ரயில் வண்டியும் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்து உள்ளே போனால், நிலக்கரியைச் சுட்டுக் கோக் கரி ஆக்குகிற கோக் அடுப்பு, ஊது உலை, இரும்பு டேங்க், நீராவி எஞ்சின் என்று ஒரு முழுத் தொழிற்பேட்டையே இருக்கும். அந்தப் பேட்டைக்கு இதயம் இந்த நீராவிப் பாய்லர். 1.7.10, 1.12.2 பதிப்புகளில் இந்த மாட் இருக்கிற மாட்பேக்குகளில் (பல மாட்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) மின்சாரத்துக்கு முந்தைய காலகட்டத்தை ஓட்டுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

பாய்லர் எப்படி இருக்கும் என்றால், கீழே ஃபயர்பாக்ஸ் கட்டைகள் ஒரு அடுக்கு, அதன் மேல் பாய்லர் டேங்க் கட்டைகள். சின்னது வேண்டுமானால் ஒரு ஃபயர்பாக்ஸ், மேலே ஒரே ஒரு டேங்க். பெரியது வேண்டுமானால் 3க்கு 3 தளம், 4 அடுக்கு உயரம், மொத்தம் 36 டேங்க். இடையில் 8, 12, 18, 27 என்று அளவுகள். இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க முடியாது, இந்த அளவுகள்தான். டேங்கிலேயே இரண்டு வகை: இரும்பில் செய்கிற குறைந்த அழுத்த வகை 500 டிகிரி வரை சூடேறும், எஃகில் செய்கிற உயர் அழுத்த வகை 1000 டிகிரி வரை போகும். ஃபயர்பாக்ஸும் இரண்டு வகை, ஒன்றுக்கு நிலக்கரி, கட்டைக்கரி மாதிரித் திட எரிபொருள், இன்னொன்றுக்கு எண்ணெய், எத்தனால் மாதிரித் திரவ எரிபொருள். பாய்லரை ஒட்டி எஞ்சினை வைத்துவிட்டால் நீராவி தானாகவே அதற்குப் போய்விடும், குழாய் கூட இழுக்க வேண்டாம். இதெல்லாம் அருமையாக யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு குணம் முக்கியம், இதன் எல்லா ஆபத்தும் இதில்தான் தொடங்குகிறது. பெரிய பாய்லர் சூடேற ரொம்ப நேரம் பிடிக்கும், சூடேறுகிற வரைக்கும் எரிபொருளை அநியாயத்துக்குத் தின்னும், சூடேறிய பிறகுதான் சிக்கனமாக ஓடும். அதனால் ஒருமுறை பற்றவைத்தவன் அணைக்க மாட்டான். ராத்திரி பகல் பார்க்காமல், நாம் சுரங்கத்தில் இருந்தாலும் வேறு உலகத்தில் இருந்தாலும், அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும். எஞ்சின்கள் நின்று நீராவி நிரம்பி வழிந்தாலும் எரியும், தண்ணீரைக் குடிக்கும், தேவையில்லாத நீராவியை வீணாக்கும். "இப்போது யாரும் பயன்படுத்தவில்லையே, தண்ணீர் செலவாகாது" என்று கணக்குப் போட்டீர்கள் என்றால் அங்கேயே முதல் சறுக்கல்.

சரி, வெடிப்புக்கு வருவோம். எங்கள் சர்வரில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்: தண்ணீர் தீர்ந்தால் பாய்லர் வெடிக்கும். இல்லை. தண்ணீர் தீர்ந்தால் அது வெடிக்காது. சும்மா காய்ந்துபோய், கொதிக்கக் கொதிக்க, ஒரு சத்தமும் இல்லாமல் நிற்கும். ஒரு மணி நேரம் நிற்கும், ஒரு நாள் நிற்கும். அந்த நிலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால்தான் வெடிக்கும். கொல்லுவது வறட்சி இல்லை, வறட்சிக்குப் பிறகு வருகிற மழை. இந்த ஒரு வரியை மாட்டின் விளக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தால் எத்தனையோ தொழிற்சாலைகள் இன்றைக்கும் நின்றிருக்கும்.

நிஜப் பாய்லரும் இப்படித்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் மட்டம் இறங்கிச் சிவக்கச் சூடேறிப்போன நிஜப் பாய்லருக்குள் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது என்பது அதை ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று. முதலில் நெருப்பை நிறுத்து, தானாக ஆறவிடு, தண்ணீர்க் குழாயில் கை வைக்காதே. நிஜத்தில் தண்ணீர் நீராவியாக மாறும்போது சாதாரணக் காற்றழுத்தத்தில் 1600 மடங்குக்கும் மேல் விரிகிறது. விளையாட்டில் 1 மில்லிபக்கெட் (ஒரு பக்கெட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தண்ணீருக்கு 160 மில்லிபக்கெட் நீராவி, அதாவது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்குக்கே என் கூரை காணாமல் போனது.

முதல் வெடிப்பு சுத்தமான முட்டாள்தனம். 12 டேங்க் வைத்த இரும்புப் பாய்லர், கையால் பக்கெட் பக்கெட்டாக ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை சுரங்கத்தில் வைரம் கிடைத்த சந்தோஷத்தில் நேரம் போனது தெரியவில்லை. திரும்பி வந்து பாய்லரைத் திறந்தால் தண்ணீர்க் கட்டம் காலி, வெப்பமானி உச்சியில். ஐயையோ காய்ந்துவிட்டதே, வெடித்துவிடுமே என்று பதறிப்போய், பக்கத்துக் குட்டைக்கு ஓடி, ஒரு பக்கெட் மொண்டு வந்து ஊற்றினேன். பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள். காரியமும் சிதறியது, நானும் சிதறினேன். காப்பாற்றப் போன கைதான் கொன்றது என்பது புரிய எனக்கு இன்னொரு பாய்லர் தேவைப்பட்டது.

அந்த இன்னொரு பாய்லர்தான் நண்பனோடு சேர்ந்து கட்டியது. இந்தத் தடவை பெரிய மனிதர்களாகிவிட்டோம், பம்ப் வைத்தோம், குழாய் இழுத்தோம். ஆனால் பம்பை ஓட்டுகிற சக்தியையும் அதே பாய்லரின் நீராவி எஞ்சினிலிருந்தே எடுத்தோம். எவ்வளவு சாமர்த்தியம் என்று எங்களையே மெச்சிக்கொண்டோம். ஒரு நாள் வேறு ஏதோ இயந்திரம் சக்தியையெல்லாம் உறிஞ்சிவிட்டது, பம்ப் மெதுவானது, தண்ணீர் குறைந்தது, நீராவி குறைந்தது, சக்தி இன்னும் குறைந்தது, பம்ப் முழுசாக நின்றது. பாய்லர் காய்ந்தது. நான் கிடங்கில் இருந்தேன். அவன் குரல் அழைப்பில் சொன்னது எழுத்துக்கு எழுத்து இன்னும் நினைவில் இருக்கிறது:

"மச்சான், லைட் எல்லாம் அணைஞ்சிடுச்சுடா."

"பாய்லர்ல தண்ணி இருக்கா பாரு."

"இல்லடா. பம்ப் நின்னிருக்கு. இரு, வேற எஞ்சின் வெச்சு ஓட்டிடுறேன்."

"டேய் வேணாம், தொடாத, தொடா..."

அடுத்துக் கேட்டது எனக்கும் கேட்டது, அவனுக்கும் கேட்டது. சேட்டில் அவன் வெடித்துச் செத்த செய்தி வந்தது, அதற்குக் கீழேயே அவன் டைப் அடித்தான்: "சரி, ஓடுது போல." அந்த ஒரு வரிக்காகவே அவனை மன்னித்துவிட்டேன். பம்புக்கும் பாய்லருக்கும் ஒரே சோற்றுப்பானை வைத்தது என் யோசனை என்பதால் மன்னிக்காமல் இருக்கவும் முடியாது.

மூன்றாவதுதான் பாடம். முதல் இரண்டும் அவசரத்தில் வந்தது, இது நிதானமாக, நானே வரைபடம் போட்டுக் கட்டியதில் வந்தது. உயர் அழுத்த 36 டேங்க் பாய்லர், எஃகுக்காகவே வாரக்கணக்கில் ஊது உலையை ஓட்டினேன். பம்புக்குத் தனியாக ரெட்ஸ்டோன் எஞ்சின்கள் வைத்தேன் (ரெட்ஸ்டோன் என்பது மைன்கிராஃப்டில் கம்பியும் சிக்னலுமாக ஓடுகிற மின்சாரம் மாதிரி), அவை எரிபொருளே கேட்காது, பாய்லரோடு ஒரு சம்பந்தமும் இல்லை. நான் ஊரில் இல்லாதபோதும் எல்லாம் ஓட வேண்டும் என்று ரெயில்கிராஃப்டின் வேர்ல்ட் ஆங்கரையும் பாய்லர் பக்கத்தில் நட்டேன். ஆங்கர் என்ன செய்யும் என்றால், தன்னைச் சுற்றி 3க்கு 3 சங்க் பரப்பை நாம் இல்லாதபோதும் உறங்கவிடாமல் வைத்திருக்கும். ஒரு சங்க் என்பது 16க்கு 16 கட்டம். என் ஏரி குன்றுக்கு அந்தப் பக்கம். பம்ப் அந்த 9 சங்குக்கு வெளியே, ஒரே ஒரு சங்க் தள்ளி.

நான் பக்கத்தில் இருக்கிறவரை எல்லாச் சங்கும் விழித்திருக்கும், பம்ப் ஓடும், ஒரு குறையும் இல்லை. நான் தூரம் போனதும் பம்ப் இருக்கிற சங்க் உறங்கிவிடும், பாய்லர் மட்டும் ஆங்கரின் தயவில் விழித்துக்கொண்டு, இருக்கிற தண்ணீரைக் குடித்து முடித்து, காய்ந்து, 1000 டிகிரியில் காத்துக்கொண்டிருக்கும். எதற்குக் காத்திருக்கிறது? எனக்காக. நான் குன்றைத் தாண்டி வீட்டை நோக்கி நடக்க நடக்கச் சங்க் கண் விழிக்கும், பம்ப் ஓடத் தொடங்கும், குழாயில் தண்ணீர் பாயும். வாசலில் நான் கால் வைக்கிற நேரத்துக்குச் சரியாகப் பாய்லருக்குள் போய்ச் சேரும். வரவேற்புக்கு வெடி போட்டார்கள். நான் வந்ததுதான் வெடிக்குக் காரணம் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று, ஏனென்றால் போய்ப் பார்த்தால் பம்ப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஏரி நிறையத் தண்ணீர், குழாய் நிறையத் தண்ணீர், நடுவில் மட்டும் ஒரு பள்ளம்.

இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்னாடியே போட்டிருக்கலாம், இரண்டு நிமிஷ வேலை. உயர் அழுத்த டேங்க் ஒன்றுக்கு ஒரு டிக்குக்கு (டிக் என்பது விளையாட்டின் நேர அலகு) 20 மில்லிபக்கெட் நீராவி, 36க்கு 720. ஒரு தொழிற்சாலை எஞ்சின் 40 குடிக்கும், ஆக 18 எஞ்சின் ஓடும், தாராளம். இனி தண்ணீர்ப் பக்கம்: 720ஐ 160ஆல் வகுத்தால் டிக்குக்கு 4.5 மில்லிபக்கெட், விநாடிக்கு 20 டிக் என்பதால் 90 மில்லிபக்கெட். ஒரு பக்கெட் 11 விநாடிதான் தாங்கும். குறைந்த அழுத்த 36 டேங்குக்கு இதில் சரிபாதி. எண்ணிக்கையைப் பார்த்தால் பயமில்லை, தண்ணீர்த் தேவை உண்மையில் குறைவுதான், எந்தப் பம்பும் சமாளிக்கும். அதனால்தான் யாரும் சேமிப்பு டேங்க் வைப்பதில்லை. பம்ப் போதுமே, எதற்கு டேங்க்?

டேங்க் தண்ணீருக்காக இல்லை, நேரத்துக்காக. ரெயில்கிராஃப்டின் இரும்பு டேங்கிலேயே மிகச் சின்னது 3க்கு 3 தளம், 4 உயரம். கட்டை ஒன்றுக்கு 16 பக்கெட் கணக்கில் 576 பக்கெட் பிடிக்கும். அதை விநாடிக்கு 90 மில்லிபக்கெட் வீதம் குடித்தால் 6400 விநாடி, அதாவது பம்ப் நின்ற பிறகும் ஒன்றே முக்கால் மணி நேரம். டேங்கின் அடி வரிசையில் வால்வு வைத்தால் தண்ணீர் தானாக இறங்கும், அந்த வழியில் பம்ப் வேண்டாம், சக்தி வேண்டாம், கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. டேங்கையும் பாய்லரையும் ஒரே சங்குக்குள் வையுங்கள், அது மட்டும் கட்டாயம். 1.12.2இல் எஃப்3யோடு ஜி விசையை அழுத்தினால் சங்க் எல்லைக் கோடு தெரியும். பழைய பதிப்பில் அந்த வசதி இல்லை, ஆனால் மாட்பேக்கில் என்.இ.ஐ. என்கிற துணை மாட் இருந்தால் எஃப்9 அழுத்தினால் போதும்.

இதுவரை சொன்னது வறட்சியைத் தள்ளிப்போடுகிற வேலை. ஆனால் வறட்சி கொல்வதில்லை என்று முன்னமே பார்த்தோமே. தள்ளிப்போட்டாலும் ஒரு நாள் டேங்கும் காலியாகும், சர்வர் எங்கேயாவது மக்கர் பண்ணும், எவனாவது குழாயை உடைப்பான். அப்போது தண்ணீர் திரும்பி வரக் கூடாது. அதுதான் உண்மையான பாதுகாப்பு, அதற்கு நான் கண்டுபிடித்த வழி சிரிப்பாக இருக்கும்: தண்ணீர் தீர்ந்தால் பம்பை நிறுத்து.

செய்வது இவ்வளவுதான். இரும்பு டேங்கின் வால்வு பக்கத்தில் ஒரு கம்பேரேட்டர் வைத்தால், டேங்கில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அதற்கேற்ப 0 முதல் 15 வரை சிக்னல் கொடுக்கும். அந்தச் சிக்னலை ரெட்ஸ்டோன் கம்பி வழியாகப் பம்பை ஓட்டுகிற ரெட்ஸ்டோன் எஞ்சின்களுக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் ஓட வேண்டுமானால் சிக்னல் வேண்டும், சிக்னல் வர வேண்டுமானால் டேங்கில் தண்ணீர் வேண்டும். டேங்கில் தண்ணீர் இருக்கிறவரை பம்ப் ஓடும். டேங்க் காய்ந்தால் சிக்னல் சாகும், எஞ்சின் சாகும், அதற்கப்புறம் சங்க் விழித்தாலும் சர்வர் மறுபடி எழுந்தாலும் பம்ப் தானாக ஓடாது. நான் நேரில் வந்து லீவரைத் தட்டினால்தான் ஓடும். முதல் தடவை நிரப்பும்போதும் அதே லீவர்தான். தட்டுவதற்கு முன்னால் பாய்லரைத் திறந்து பார்ப்பேன், அவ்வளவுதான். சிக்கலான கேட் இல்லை, கணினி இல்லை, நிரல் இல்லை.

இதில் ஒரு ஓட்டை இருந்தது, சோதனை உலகத்தில் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. பம்ப் நின்றாலும் குழாய்க்குள் தங்கிய தண்ணீர் கொஞ்சம் இருக்கும். சங்க் உறங்கும்போது அது அப்படியே உறைந்து நின்று, விழிக்கும்போது வந்து விழும். காய்ந்த பாய்லருக்கு அந்தக் கொஞ்சம் போதும். அதனால் கம்பியின் நீளத்தை வைத்து ஒரு தந்திரம் செய்தேன். ரெட்ஸ்டோன் சிக்னல் ஒரு கட்டத்துக்கு ஒரு படி குறைந்துகொண்டே போகும், 4 வலிமையுள்ள சிக்னல் 4 கட்டத்தைத் தாண்டாது. கம்பேரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பியைக் கொஞ்சம் நீட்டி, டேங்கில் அடித்தண்ணீர் இன்னும் இருக்கும்போதே பம்ப் நின்றுவிடுகிற மாதிரி வைத்துவிட்டேன். பாய்லர் முழுசாகக் காய்வதற்குள் நான் வந்தேன் என்றால், குழாயில் தங்கியது டேங்கில் இருக்கிற தண்ணீரோடு கலந்துவிடும், பிரச்சினை இல்லை. ஆனால் குழாய் முழுக்கச் சங்குக்கு வெளியே நீளமாகப் போனால் இதுவும் முழு உத்தரவாதம் இல்லை, ரொம்பக் காலம் கழித்து வருகிறீர்கள் என்றால் தூரத்திலேயே நின்று ஒரு தடவை யோசியுங்கள். எனக்குக் கடைசியில் பம்பையும் ஆங்கர் பரப்புக்குள் கொண்டுவந்து, 9 சங்குக்குள் ஒரு செயற்கைக் குளம் வெட்டியதுதான் நிம்மதி தந்தது. முன்னமே செய்திருக்க வேண்டியது.

அதே கம்பேரேட்டரிலிருந்து இன்னொரு கம்பி, 8 கட்டம் நீளம், முடிவில் ஒரு ரெட்ஸ்டோன் டார்ச், அதன் மேல் ஒரு விளக்கு. டேங்க் பாதிக்குக் கீழே போனால் சிக்னல் டார்ச்சை எட்டாது, டார்ச் எரியும், விளக்கு எரியும். வீட்டுக்கு வரும் வழியில் குன்றின் உச்சியிலிருந்தே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

பாய்லர் காய்ந்தே போய்விட்டது, சூடாக இருக்கிறது, இன்னும் வெடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? எங்கள் சர்வரில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. தண்ணீர்க் குழாயைப் பாய்லரை ஒட்டிய இடத்தில் முதலில் உடையுங்கள், டேங்க் பக்கமோ பம்ப் பக்கமோ போகாதீர்கள், பாய்லரை ஒட்டிய கடைசித் துண்டை. பிறகு எரிபொருளை எடுத்துவிடுங்கள். பிறகு 100 டிகிரிக்குக் கீழே இறங்குகிறவரை காத்திருங்கள், பெரிய பாய்லர் ஆறவும் நேரமாகும். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் பாய்லர் முழுவதையும் கட்டை கட்டையாகப் பிரித்து எடுத்துவிட்டு மறுபடி கட்டலாம், புதுப் பாய்லர் குளிர்ந்தே பிறக்கும். அதற்கப்புறம் மறுபடி சூடேற்ற எரிபொருள் வீண்தான், ஆனால் பள்ளத்தை நிரப்புகிற மண்ணை விட அது மலிவு.

இனி குறைகள். பெரிய குறை, எச்சரிக்கை என்று ஒன்றுமே இல்லை. பாய்லரைத் திறந்து பார்த்தால்தான் தண்ணீர் அளவு தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்த பாய்லரும் காய்ந்த பாய்லரும் ஒரே முகம். ஒரு சீறல், ஒரு நிறமாற்றம், எதுவுமில்லை. நிஜ உலகத்தில் இதற்கு 200 வருஷத்துக்கு முன்னமே வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுதான் எரிச்சல். 1803இல் லண்டனை ஒட்டிய கிரீன்விச்சில் நீராவி எஞ்சின் முன்னோடி ரிச்சர்ட் டிரெவிதிக்கின் பாய்லர் ஒன்று வெடித்து ஆட்கள் இறந்தார்கள், அதற்கப்புறம் அவர் பாய்லரில் ஈயத் திருகு ஒன்றைப் பொருத்தத் தொடங்கினார். தண்ணீர் மட்டம் இறங்கினால் அந்த ஈயம் உருகும், உருகிய ஓட்டை வழியாக நீராவி நெருப்புக்குள்ளேயே பாயும், சத்தத்தில் ஆளும் ஓடி வருவான், தீயும் அடங்கும். இத்தனை அழகான யோசனை கையில் இருந்தும் இந்த மாட்டில் அப்படி ஒரு கட்டை இல்லை. உருகும் திருகு என்று ஒரு பொருளைச் செய்து ஃபயர்பாக்ஸில் வைக்கவிட்டிருந்தால், அதைத் தவறாமல் மாற்றிக்கொண்டிருப்பதே ஒரு தனி விளையாட்டாகியிருக்கும்.

இரண்டாவது, இடத்துக்கான கண்டிப்பு. இரண்டு பாய்லரை ஒட்டி ஒட்டிக் கட்டினால் இரண்டும் உருவாகாது, நடுவே இடைவெளி விட வேண்டும். அது ஏன் உருவாகவில்லை என்று மாட் சொல்லாது. முதல் நாள் ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். சின்ன விஷயம், விட்டுவிடலாம்.

மற்ற மாட்களோடு ஒப்பிட்டால் எனக்கு ரெயில்கிராஃப்ட் மேல் மதிப்பு கூடத்தான் செய்கிறது. கிரியேட் மாட்டில் ஒரு நீராவி எஞ்சின் இருக்கிறது, பார்க்கக் கண்ணுக்கு விருந்து, பிஸ்டன் எல்லாம் நிஜமாக ஏறி இறங்கும், ஆனால் தண்ணீர் போதவில்லை என்றால் வேகம் குறையும், அவ்வளவுதான். மெக்கானிசத்தின் பாய்லரும் அப்படியே, சாது, அதன் அணு உலைதான் கடிக்கும். வெடிப்பே வேண்டாம் என்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றுக்குப் போய்விடலாம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயமில்லாத இயந்திரத்துக்கு நான் ஒரு நாளும் விளக்கு வைத்ததில்லை, கம்பேரேட்டர் கம்பி அளந்ததில்லை. ரெயில்கிராஃப்ட் பாய்லர் என்னை ஒரு பொறியாளன் மாதிரி யோசிக்கவைத்தது, பயமுறுத்தித்தான் என்றாலும்.

கிரெக்டெக் மாட் வேறு கதை. அதன் சின்னக் கரிப் பாய்லரும் இதே விதிதான்: சூடாகக் காய்ந்து, பிறகு தண்ணீர் கிடைத்தால் வெடிக்கும். ஆனால் ஒரு வித்தியாசம். நீராவி அளவுக்கு மீறி நிறைந்தால் அது சீறிக்கொண்டு வெளியே விடும், சத்தம் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் அந்தச் சீறலைக் கேட்டுப் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியது அதற்கில்லை. சீறுகிற பாய்லருக்குள் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். சீறிக்கொண்டிருந்த பாய்லர் திடீரென்று அமைதியானால்தான் கவலைப்பட வேண்டும், அதன் குடல் காய்ந்துவிட்டது. கிரெக்டெக் நியூ ஹொரைசன்ஸ் மாட்பேக்கில் ஆரம்பத்தில் இரண்டு வாரம் அந்தச் சீறலைக் கேட்டுக்கொண்டே தூங்கின மாதிரி இருந்தேன், அமைதியானால் ஓடுவேன். ரெயில்கிராஃப்டில் அந்தக் காது வழிச் செய்தி கூட இல்லை என்பதால்தான் எச்சரிக்கை பற்றி இவ்வளவு புலம்புகிறேன்.

எரிபொருள் பற்றி இரண்டு வார்த்தை. கையில் கோக் அடுப்பு இருந்தால் கோக் போடுங்கள், நிலக்கரியை விட இரண்டு மடங்கு நேரம் எரியும், அடுப்பில் கிடைக்கிற கிரியோசோட் எண்ணெயைத் திரவ ஃபயர்பாக்ஸ் வைத்த இன்னொரு சின்னப் பாய்லருக்கு ஊற்றிவிடலாம். உயர் அழுத்தப் பாய்லர் அதே எரிபொருளுக்குக் குறைந்த அழுத்தத்தை விடச் சிக்கனம் குறைவுதான், ஆனால் அதே இடத்தில் இரண்டு மடங்கு நீராவி. இடம் இருந்தால் குறைந்த அழுத்தமே போதும் என்பது என் கட்சி, நண்பன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

யாருக்கு இது சரிப்படும் என்றால், ஓடுகிற இயந்திரத்தைத் தள்ளி நின்று ரசிக்கிறவர்களுக்கு, கட்டிய பிறகும் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு. கட்டிவிட்டு மறந்துவிடுகிற ஆட்களுக்குச் சரிப்படாது, மறந்த அன்றைக்கே நினைவூட்டும். 5க்கு 4 கொடுக்கிறேன், ஒரு மதிப்பெண் அந்த ஈயத் திருகுக்காகப் பிடித்துவைத்தது.

என் 36 டேங்க் பாய்லர் இப்போது நான்காவது. போன வாரம் சர்வர் நடுராத்திரியில் விழுந்து காலையில் எழுந்தது, நான் உள்ளே வந்தபோது குன்றின் உச்சியிலிருந்தே விளக்கு எரிவது தெரிந்தது, பம்ப் நின்றிருந்தது, டேங்கில் அடித்தண்ணீர் மட்டும். நண்பன் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து லீவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "தொடலடா, சத்தியமா தொடல," என்று சேட்டில் அடித்திருந்தான். பாய்லரைத் திறந்து பார்த்தேன், பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. சரி, தட்டு என்றேன்.